கவிழ்ந்தவையும் கவிழாமல் நின்றவையும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஆவண அறைப் பொறுப்பாளர்:
நான்கு இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரி ஒன்று, அதன் மேலிரண்டு இழுப்பறைகளையும் ஒருவர் ஒரே நேரத்தில் முழுவதுமாக இழுத்தபோது, முன்பக்கம் சாய்ந்து எதிரிலிருந்த மேசையில் முட்டி நின்றது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. பிறகு அளந்து பார்த்தபோது, அது சாயாமல் இருந்திருந்தால்தான் வியப்பு என்று தெரிந்தது. கீழிரண்டு இழுப்பறைகள் காலியாக இருந்தன. அவற்றையும் சேர்த்து அலமாரியின் வெளிக்கூட்டின் நிறை ஏறத்தாழ 30 கிலோ. அதன் நிறைமையம் (மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) முன் விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே இருந்தது. ஆகவே பின்னோக்கிய திருப்புத்திறன், அதாவது நிறையை விளிம்பிலிருந்து அதன் தொலைவால் பெருக்கிய அளவு, 900 (புவியீர்ப்பு முடுக்கம் இருபுறமும் பொது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்). கோப்புகள் நிறைந்த இழுப்பறை ஒவ்வொன்றும் 25 கிலோ. வெளியே இழுத்தால் அதன் மையம் விளிம்பைத் தாண்டி 25 செ.மீ. முன்னால் வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் முன்னோக்கி 1250. ஒன்றை மட்டும் இழுத்திருந்தால் முன்புறம் 625தான். மற்றது 30 செ.மீ. உள்ளே தங்கியிருப்பதால் பின்புறம் 1650 ஆகியிருக்கும். ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறையை மட்டுமே திறக்கவிடும் பூட்டமைப்பு சில அலமாரிகளில் இருப்பது இதனால்தான். இப்போது கனமான கோப்புகளைக் கீழே மாற்றி, அலமாரியின் மேல் விளிம்பைச் சுவரோடு பிணைத்திருக்கிறோம். பிணைப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சிறிய விசையே கவிழ்வதைத் தடுக்கப் போதும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்:
மேலே உள்ள கணக்கில் உயரம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சமதரையில் அசையாமல் நிற்கும் பொருளுக்குக் கிடைத்தொலைவு மட்டுமே முக்கியம். சாயத் தொடங்கிய பிறகுதான் உயரம் தன் வேலையைக் காட்டும். அடித்தளத்தின் பாதி அகலம் 20 செ.மீ. என்றால், நிறைமையம் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும் பொருள் சுமார் 34 பாகை வரை சாய்ந்தாலும் மீண்டுவிடும், 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் 18 பாகையைத் தாண்டியதுமே கவிழ்ந்துவிடும். எங்கள் வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும், பின் அச்சு நடுவில் ஒரே புள்ளியில் பிணைந்து ஆடுவதால், அதைத் தாங்கும் பரப்பு உண்மையில் ஒரு முக்கோணமே. சரக்கை உயர்த்தினால் நிறைமையமும் உயர்ந்துவிடும். எனவே சரக்கை உயர்த்தியபடி திரும்புவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை.

வீட்டுப் பொருள் இடமாற்றப் பணியாளர்:
உயரமான அலமாரியைத் தள்ளும்போது அது வழுக்குமா, கவிழுமா என்பது கை வைக்கும் உயரத்தைப் பொறுத்தது. நிறைமையம் நடுவில் இருந்து, பாதி ஆழம் 20 செ.மீ., உராய்வுக் குணகம் (நகர்த்தத் தேவையான விசைக்கும் பொருளின் எடைக்கும் உள்ள விகிதம்) 0.4 என்றால், 50 செ.மீ. உயரத்துக்குக் கீழே தள்ளினால் நகரும். அதற்கு மேலே தள்ளினால் நகர்வதற்கு முன்பே நம் பக்கத்துக் கால்கள் தரையை விட்டு எழும்பிவிடும். தரைவிரிப்பின் மேல் உராய்வு கூடுதல் என்பதால் இந்த எல்லை இன்னும் தாழ்கிறது. அங்கே குனிந்து தள்ளுவதைக் காட்டிலும் அடியில் வழுக்குத் தகடு வைப்பதே எளிது.