லவுஞ்சுக்காக மாதக் கட்டணம் கட்டலாமா?

சாட்ஸ்வர்த் தம்பி:
வணக்கம். ஆண்டுக்கு ஒரு முறை தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்குக் குடும்பத்தோடு போவோம். வங்கியில் பிரீமியம் கார்டு எடுக்கச் சொல்கிறார்கள், விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை), செலவுக்குச் சேரும் மைல் புள்ளி, பயணக் காப்பீடு எல்லாம் உண்டாம், ஆனால் மாதக் கட்டணம் இப்போதைய கார்டைவிட மூன்று மடங்கு. எடுக்கலாமா?

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்தக் கட்டணத்தை முதலில் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். லவுஞ்சில் இலவச அனுமதி பல கார்டுகளில் கார்டுக்காரருக்கு மட்டும்தான், மனைவி பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். அவர்களை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார மனசு வருமா?

டர்பன் கணக்காளர்:
அக்கா சொல்வது சரி, ஆனால் காப்பீட்டை லேசாக நினைக்காதீர்கள். பொதுவாக டிக்கெட்டை அந்தக் கார்டில் வாங்கினால்தான் அது செல்லும். பெரியவர்கள் கூட வந்தால் வயது வரம்பையும், சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். அப்புறம் தி.நகரில் புடவைக்குக் கார்டைத் தேய்த்தால் ரூபாயை ராண்டாக மாற்றக் கட்டணம் பிடிப்பார்கள், புள்ளியில் வருவது அதிலேயே போய்விடும். பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்ட முடியாதென்றால் வேண்டவே வேண்டாம், இங்கே சட்டப்படி கார்டு வட்டி ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மேல் 14 சதவீதப் புள்ளிகள் வரை போகலாம்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அப்பாவும் வருகிறார், 70 தாண்டிவிட்டது. காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன்.