வர்ஜீனியா 2019: கோப்பை வந்தது, ஆனால் ஒரு நிமிஷம் மட்டும் இன்னும் உறுத்துகிறது

ஆரஞ்சு_தம்பி

2019 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரில் எங்கள் வர்ஜீனியா அணியின் டியாகிட்டே போட்ட அந்த ஷாட்டை நான் பார்த்தேன் என்று சொல்லலாமா கூடாதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பர்டூ பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். மூன்று பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், 5.9 விநாடி பாக்கி, எங்கள் டை ஜெரோம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறிவது, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்) கோட்டில். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அப்போது லேபில் மாட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் ஓடிய ஸ்ட்ரீம், கீழ்த்தளத்து டிவியைவிட நன்றாகவே பின்தங்கி ஓடியது. முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தது. இரண்டாவதற்காக ஜெரோம் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறான், அதற்குள் கீழேயிருந்து ஒரு கத்தல். கட்டடமே அதிர்ந்தது. அது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தின வருஷம் யூஎம்பிசி என்ற கல்லூரியிடம் தோற்றபோதும் இதே ஆட்கள் இதே மாதிரிதான் கத்தினார்கள்.

அப்புறம் என் திரையில் எல்லாம் நிதானமாக நடந்தது. ஜெரோமின் பந்து வெளியே தெறித்தது. டியாகிட்டே அதைப் பின்னால் தட்டிவிட்டான். பந்து பாதிக் களத்தைத் தாண்டி உருண்டு போகிறது, அணியிலேயே குள்ளமான கிஹே கிளார்க் துரத்துகிறான். நான் பந்தைப் பார்க்கவில்லை, கீழே விழுந்த அந்தச் சத்தத்தின் அர்த்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கடைசி நொடியில் டியாகிட்டே போட்டு 70-70 ஆனபோது மேஜையில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். கீழே இருந்தவர்கள் அதற்குள் அடங்கி ஓவர்டைமுக்குத் தயாராகியிருந்தார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மேல்_தட்டு_சீட்

தம்பி யூஎம்பிசி பேச்சை எடுத்துவிட்டார், அதனால் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 16 அன்று சார்லட் அரங்கத்தில் நான் இருந்தேன். மகனையும் கூட்டிப் போயிருந்தேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. புத்தம்புது ஆரஞ்சு டீஷர்ட்.

எங்கள் ஆட்டக்காரன் ஹண்டர் மணிக்கட்டு உடைந்து ஆடவில்லை. ஆனாலும் யார் பயந்தார்கள்? நாட்டிலேயே முதல் இடம், எதிரே 16-வது சீட் (பிரிவிலேயே கடைசித் தரவரிசை), அதுவரை 135 தடவையும் முதல் சீட்தான் ஜெயித்திருந்தது. பாதி ஆட்டத்தில் 21-21. சரி, நம்ம ஆட்டம் எப்போதும் இப்படி நத்தை வேகம்தானே என்று சமாதானம் செய்துகொண்டோம். இரண்டாம் பாதியில் அவர்கள் 53 அடித்தார்கள். முழு ஆட்டத்திலும் எதிரணிக்கு ஐம்பத்துச் சொச்சம்தான் கொடுக்கும் அணி இது. அதை ஒரே பாதியில் கொடுத்துவிட்டு நின்றது.

உறுத்துவது ஸ்கோர் இல்லை. வேறு அணிகளுக்காக வந்திருந்தவர்கள், ஆடிய இரு அணிகளோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள், ஒவ்வொரு வரிசையாக எழுந்து யூஎம்பிசி-க்காகக் கத்த ஆரம்பித்தார்கள். வித்தியாசம் 15-ஐத் தாண்டியதும் என் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நாமளும் அவங்களுக்குக் கத்தலாமா? எல்லாரும் ஜாலியா இருக்காங்க." விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அனுமதி கேட்டான். நான் பதிலே சொல்லவில்லை. 74-54.

அடுத்த வருஷம் கோப்பை வந்தபோது அவன் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். ஸ்கோர் நெருங்கினால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவான்.

ராத்திரி_ஷிஃப்ட்

என்னுடையது சின்னது. 2019 முதல் சுற்று, கார்ட்னர்-வெப், மறுபடியும் 16-வது சீட். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ். 14 பாயிண்ட் பின்னால். எதிர் மேஜைக்காரர் வேறு கல்லூரி ரசிகர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மறுபடியுமா?" என்றார். அவ்வளவுதான், திரும்பிக்கொண்டார்.

71-56 என்று ஜெயித்தோம். அதற்கப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த "மறுபடியுமா"-வில் இருந்த இரக்கத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆபர்ன்காரன்

இங்கே எல்லோரும் வர்ஜீனியா ஆரஞ்சு, எங்கள் ஆபர்ன் கல்லூரிக்கும் ஆரஞ்சுதான். ஆரஞ்சிலும் இரண்டு வகை உண்டு என்று நினைவூட்ட வந்தேன்.

மினியாபொலிஸ், உங்களோடு அரையிறுதி. பத்து பாயிண்ட் பின்னாலிருந்து 14-0 என்று அடித்து முன்னுக்கு வந்தோம். 62-60. வர்ஜீனியாவின் கைல் கை (Kyle Guy) மூலையிலிருந்து எறிந்தான், பந்து உள்ளே போகவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னைத் தூக்கினார். எங்கள் கல்லூரி வரலாற்றிலேயே அதுதான் முதல் ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள்). இறுதிப் போட்டி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். தரையில் கால் படும்போது அவருடைய முகம் மாறியிருந்தது. திரும்பிப் பார்த்தால் நடுவர் கையைத் தூக்கி நிற்கிறார். ஃபவுல், 0.6 விநாடி பாக்கி, வர்ஜீனியாவுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ.

அது ஃபவுல்தான். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குச் சில விநாடி முன்னால் ஜெரோமின் கால் பட்டுத் தெறித்த பந்தை அவன் இரண்டு கையாலும் பிடித்து மறுபடி டிரிபிள் செய்தானே, அதாவது தரையில் தட்டினானே? டபுள் டிரிபிள், விதிமீறல். பந்து எங்களுக்கு வந்திருக்கவேண்டும். ரீப்ளே பார்த்துத் திருத்தவும் விதியில் இடமில்லை. உங்கள் கோப்பையில் அந்த டிரிபிள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சார்லட்ஸ்வில்_வாசி

ஆபர்ன்காரன் சொல்லும் அதே 0.6 விநாடிதான் எனக்கும். என் மாமனார் அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்தார். கூடைப்பந்து ஆட்டம் ஒன்றை அவர் முழுசாகப் பார்த்தது அன்றுதான். கைலின் ஷாட் தவறியதும் நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்து, "முடிஞ்சுது மாமா, தோத்தாச்சு" என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார், நடக்கப் போகலாம் என்று.

அப்புறம் டிவியில் விசில் சத்தம். "மாப்பிள்ளை, முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அந்தப் பையன் ஏன் திரும்பவும் நடந்து வர்றான்?"

விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு செருப்பை மாட்டி இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். முதலாவது விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஆபர்ன் டைம் அவுட் எடுத்தது. கைல் ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மாமா கேட்டார்: "அழறானா?" இல்லை மாமா என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? முந்தின வருஷம் தோற்ற அன்று குனிந்து நின்ற தன் படத்தையே போனில் வைத்துக்கொண்டு திரிந்த பையன் அவன். "இவ்வளவு சின்னப் பையன் தலையில ஏன் இதைக் கட்டுறாங்க?" என்றார். மூன்றாவதும் விழுந்தது. 63-62.

நான் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. "தோத்த பசங்களைக் காட்டவே மாட்டேங்கறாங்களே" என்றார். இறுதிப் போட்டிக்கு, ஹண்டர் 27 அடித்த அன்றைக்கு, எத்தனை தடவை கூப்பிட்டும் வந்து உட்காரவில்லை. சீக்கிரம் தூங்கப் போய்விட்டார்.

பெரியண்ணன்

மேல்_தட்டு_சீட் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் ஒரு வருஷம் முதல் சுற்றில் என் அணி நொறுங்குவதை நேரில் பார்த்தவன், பக்கத்தில் பாப்கார்ன் கொட்டிக் கிடந்தது ஒன்றுதான் ஞாபகம், அது போகட்டும்.

குழந்தைகளை முதன்முதலில் மார்ச் மாதப் போட்டிக்குக் கூட்டிப்போகவே கூடாது. நவம்பர், டிசம்பரில் கான்ஃபரன்ஸ் (சொந்தக் குழு) ஆட்டங்களுக்கு முன்னால் சின்ன அணிகளோடு ஆடுவார்கள் அல்லவா, அங்கே ஆரம்பியுங்கள். டிக்கெட்டும் மலிவு, தோல்வியும் அபூர்வம். கல்லூரியின் மகளிர் அணி ஆட்டத்துக்கும் கூட்டிப்போங்கள், கீழ் வரிசையிலேயே இடம் கிடைக்கும், பந்தின் சத்தம் காதில் விழும். போட்டித் தொடருக்குத்தான் போகவேண்டும் என்றால் முதல் வாரக் கடைசிதான் சரி. ஒரு செஷன் டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்ற அணியின் ஆட்கள் கிளம்பியதும் கீழே இடம் காலியாகும். வெள்ளிக்கிழமை தோற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை விற்றுவிட்டுப் போவார்கள், அதனால் இரண்டாம் சுற்றுக்கு முன்கூட்டியே வாங்கவேண்டாம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள், வாசலில் வேறு பையை விடமாட்டார்கள். ஃபைனல் ஃபோருக்குக் குழந்தையோடு போவது வீண் செலவு. அது அமெரிக்கக் கால்பந்து மைதானம், நடுவில் மேடை கட்டி ஆடுகிறார்கள், மேலே உட்கார்ந்தால் எறும்பு மாதிரி தெரியும், பெரிய திரையைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு வீட்டு டிவி போதும்.

முக்கியமான விஷயம், பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள்: ஒரே ஒரு அணியைத் தவிர மற்ற எல்லா அணிக்கும் இந்தத் தொடர் தோல்வியில்தான் முடியும். கதவைச் சாத்தும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கூட உட்காரவைத்துப் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள்.

மேல்_தட்டு_சீட்

அண்ணே, நான் ஒன்றும் கேட்கவில்லையே. அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

பர்டூ_பழசு

முதல் பதிவைப் படித்ததும் வயிறு கலங்கியது. தம்பி கீழ்த்தளத்துச் சத்தத்துக்கு அர்த்தம் தேடினார். எனக்கு அர்த்தம் உடனே தெரிந்தது, அதுதான் என் பிரச்சினை.

ஆட்டம் நடந்த லூயிவில், ஆற்றைத் தாண்டினால் எங்கள் இந்தியானா. அரங்கத்தில் எங்கள் ஆட்கள்தான் அதிகம். எங்கள் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 அடித்தான், பத்து த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்). ஒரு த்ரீ பலகையில் பட்டு உள்ளே போனபோது அவனே தோளைக் குலுக்கினான். இப்படி ஒரு ஆள் ஆடி அணி தோற்க முடியாது என்று நினைத்தேன். ஜெரோமின் பந்து தவறி, பாதிக் களத்தைத் தாண்டி உருண்டபோது என் வரிசையில் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தக் குட்டிப்பையன் பந்தை எடுத்தபோது அதில் இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பந்து காற்றில். ஓவர்டைமில் 80-75, அதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை.

யூஎம்பிசி-யிடம் தோற்றதைப் பெருந்துயரம் என்று எழுதும் வர்ஜீனியாக்காரர்களுக்கு: 2023-ல் எங்களுக்கும் ஃபேர்லி டிக்கின்சன் கல்லூரியிடம் தோல்வி, 63-58. நாங்களும் முதல் சீட்தான். நீங்கள் அடுத்த வருஷமே கோப்பை தூக்கினீர்கள். நாங்கள் அடுத்த வருஷம் இறுதிவரை போய் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றோம். அதனால் "ஒரு அவமானம் பட்டால் கோப்பை வரும்" என்று உங்கள் ஆட்கள் எங்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உங்களுக்கு மட்டும் நடந்தது.

ஆரஞ்சு_தம்பி

பர்டூ அண்ணே, நியாயம். எட்வர்ட்ஸ் ஆட்டத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.

ஆபர்ன்காரன் அண்ணனுக்கு: டபுள் டிரிபிள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே நொடியில் உங்கள் ஆள் ஜெரோமின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தது ரீப்ளேயில் தெரிகிறதே? அதற்கும் விசில் இல்லை.

ஆபர்ன்காரன்

ஊதியிருந்தாலும் என்ன? எங்களுக்கு ஃபவுல் மிச்சம் இருந்தது, அது தீரும்வரை ஷாட் போடாத ஆளைப் பிடித்தால் ஃப்ரீ த்ரோ கிடையாது. ஓரத்திலிருந்து பந்து போடுவீர்கள், அவ்வளவுதான்.

ஆரஞ்சு_தம்பி

ஓரத்திலிருந்துதான் போட்டிருப்போம், ஆனால் கடைசியில் போட்ட மாதிரி 1.5 விநாடியில் இல்லை. இன்னும் கூடுதல் நேரத்தோடு. கைலை அவ்வளவு அவசரமாக மூலைக்கு அனுப்ப வேண்டியிருந்திருக்காது.

ஆபர்ன்காரன்

அப்போது ஃபவுலும் நடந்திருக்காது. நானும் அந்த ஆளைக் கட்டிப்பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

ராத்திரி_ஷிஃப்ட்

அவர் யார் என்று பிறகாவது தெரிந்ததா?

ஆபர்ன்காரன்

இல்லை. இறக்கிவிட்டதும் கண்ணைப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். தொப்பியை என் சீட்டிலேயே விட்டுவிட்டார். நீல நிறம், ஓரம் கிழிந்தது. என்னிடம்தான் இருக்கிறது, யாராவது தேடினால் சொல்லுங்கள்.