அப்பத்தா வீடு, குடும்ப குரூப்: 250ஆ 400ஆ

தீபா: சித்தப்பா ஃப்ரீயா இருக்கீங்களா ஒரு சந்தேகம். போன வாரம் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன்ல கேனான் 1500டி கேமரா, கூட 55-250 லென்ஸ், கடைக்காரர் இது 400 எம்எம்னு சொல்லித்தான் குடுத்தாரு, இப்ப லென்ஸ் வளையத்த திருப்பி திருப்பி பாக்குறேன் 250க்கு மேல நம்பரே இல்ல. ஏமாத்திட்டாரா

சேகர் சித்தப்பா: இப்பத்தான் ஒரு கல்யாண ஆல்பம் முடிச்சுட்டு உக்காந்தேன். ஏமாத்தலம்மா, பாதிய சொல்லிட்டு பாதிய விட்டுட்டாரு. எம்எம்ங்கிறது லென்ஸோட குவியத் தூரம், அது கூட கூட தூரத்துல இருக்கிறது பெருசா தெரியும். உன் லென்ஸ் 250தான். எந்த பாடில, அதாவது எந்த கேமராவுல மாட்டுனாலும் 250தான், கண்ணாடிக்கு உள்ள ஒண்ணும் மாறப்போறதில்ல. உன் கேமரா சென்சார், அதான் வெளிச்சம் விழுந்து படம் பதியுற சில்லு, சின்னது, 22.3க்கு 14.9 மி.மீ. அந்தக் காலத்து ஃபிலிம் ரோல்ல ஒரு படம் 36க்கு 24 இருக்கும், அந்த சைஸ் சென்சாரத்தான் ஃபுல் ஃபிரேம்ங்கிறோம். 36அ 22.3ஆல வகுத்துப் பாரு, 1.6 வரும், அதான் கிராப் ஃபேக்டர். அவரு 250அ 1.6ஆல பெருக்கி 400னு சொல்லிட்டாரு

தீபா: அப்ப 400 மாதிரி கிட்ட வரும்ல

சேகர் சித்தப்பா: கிட்ட வராது. ஓரம் வெட்டுப்படும். ஃபுல் ஃபிரேம்ல 400 போட்டா எவ்வளவு இடம் தெரியுமோ அவ்வளவுதான் உனக்கு 250ல தெரியும். ஆனா கை நடுங்குறதும் 400 போட்ட மாதிரியே தெரியும், அதனால கையில புடிச்சு எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/400 செகண்டுக்கு கீழ போகாத

கார்த்தி: [படம்]

கார்த்தி: இது நேத்து மொட்டமாடில என் போன்ல எடுத்த நிலா. 30x ஜூம். தீபா நீ இவ்ளோ காசு போட்டிருக்கவே வேணாம் பாப்பா

பெரியம்மா: வெறும் வெள்ளையா இருக்கேப்பா, நிலானு சொன்னாத்தான் தெரியுது

கார்த்தி: அம்மா நீங்க வேற

சேகர் சித்தப்பா: கார்த்தி உன் போன்ல உண்மையான லென்ஸ் ஜூம் 3x வரைக்கும்தான். அந்த லென்ஸுக்கு பின்னாடி 10 மெகாபிக்சல், அதாவது 1 கோடி புள்ளி. 30xனு இழுக்கும்போது அதுல இருந்து அகலத்துல பத்துல ஒண்ணு, உயரத்துல பத்துல ஒண்ணு வெட்டி எடுக்குது, அப்ப நூத்துல ஒரு பங்கு, 1 லட்சம் பிக்சல்தான் கையில மிச்சம். அத இழுத்து பெருசாக்கி இடையில இருக்கிற ஓட்டைய பக்கத்து புள்ளிகள பாத்து போனே நிரப்பிக்குது. டிஜிட்டல் ஜூம்னா அம்புட்டுதான், கத்தரி போடுறது

கார்த்தி: போட்டோ டீடெய்ல்ஸ்ல 7 எம்எம்னு காட்டுது சித்தப்பா, டப்பால 70னு போட்டிருந்தான்

சேகர் சித்தப்பா: நல்லா பாத்த. 7தான் நிஜம். 70ங்கிறது ஃபுல் ஃபிரேம் கணக்குக்கு மாத்தி சொல்றது. உன் 3x லென்ஸுக்கு பின்னாடி இருக்கிற சென்சார் ஒரு மிளகு சைஸ், கிராப் ஃபேக்டர் 10. தீபாவுக்கு கடைக்காரர் சொன்ன கணக்கும் இதேதான்

கார்த்தி: அப்ப டிஜிட்டல் ஜூமே தொடக்கூடாதா

சேகர் சித்தப்பா: அப்படி இல்லடா. மெயின் கேமரா 48, 50 மெகாபிக்சல் இருக்கிற போன்ல 2xக்கு நடுவுல மட்டும் வெட்டி 12 மெகாபிக்சல் குடுப்பான், அதுவும் வெட்டுறதுதான், ஆனா வெட்டுன பிறகும் சரக்கு இருக்கும். எவ்வளவு வெட்டுனோம்ங்கிறத விட எவ்வளவு மிஞ்சுதுனு பாக்கணும்

தீபா: அப்ப என்னோடதும் வெட்டுறதுதானே சித்தப்பா, போனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்

சேகர் சித்தப்பா: இத நான் செஞ்சே பாத்தேன். என்கிட்ட 6டி ஃபுல் ஃபிரேம் இருக்கு, கூட 70-300 லென்ஸ். ஒரே ராத்திரி, ஒரே லென்ஸ், 300ல வச்சு நிலாவ மொதல்ல 6டில எடுத்தேன், அப்புறம் கடன் வாங்குன ஒரு 1500டில எடுத்தேன். லென்ஸோட எம்எம்ம 110ஆல வகுத்தா சென்சார் மேல விழுற நிலாவோட குறுக்களவு வந்துரும், 300க்கு சுமார் 2.7 மி.மீ. ரெண்டு கேமராலயும் அதே 2.7தான், ஒரு நூல் கூட கூடல. ஆனா கம்ப்யூட்டர்ல போட்டு அளந்தா 6டில நிலா ஓரத்துக்கு ஓரம் 400 பிக்சல் சொச்சம், 1500டில 700க்கு மேல! சின்ன சென்சார்ல 24 மெகாபிக்சல நெருக்கி வச்சிருக்கான், அதனால அந்த 2.7 மி.மீ இடத்துல நெறைய புள்ளி சிக்குது. என் 6டி படத்த உன் அளவுக்கு வெட்டுனா 20 மெகாபிக்சல் 8ஆ போயிரும், உனக்கு 24 முழுசா இருக்கும். பறவை எடுக்குறவங்க கிராப் பாடி, அதாவது உன்னோடது மாதிரி சின்ன சென்சார் கேமரா, தேடி வாங்குறதுக்கு காரணம் இதுதான்

தீபா: இப்பத்தான் மனசு ஆறுச்சு

சேகர் சித்தப்பா: நிலா எடுக்கணும்னா பௌர்ணமிக்கு வேணாம்மா, அஷ்டமி வாக்குல எடு. வெளிச்சம் பக்கவாட்டுல விழுறதால குழியெல்லாம் நிழலோட தெரியும். ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த உணர்ற அளவு) 100, லென்ஸ் துவாரம் எஃப்8, ஷட்டர் 1/125ல ஆரம்பி, ஸ்டாண்டுல வச்சு எடு

பெரியம்மா: சேகர் தம்பி, நீங்க வெட்டுறது வெட்டுறதுனு சொல்லவும்தான் கேக்குறேன், நடுக்கூடத்துல மாட்டிருக்கிற மாமா படம் முகம் ஏன் அப்படி கலங்குனாப்புல இருக்கு? நானும் எத்தன தடவ துடைச்சு பாத்துருக்கேன்

சேகர் சித்தப்பா: அது கண்ணாடி அழுக்கு இல்ல மதினி

சேகர் சித்தப்பா: உங்க கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோல இருந்து வெட்டுனது அது. அப்பா மூணாவது வரிசைல ஓரமா நின்னாரு. நெகட்டிவ்ல அவரு முகம் 1 மி.மீ கூட இருக்காது. செத்த அன்னிக்கு ராத்திரி வீடு பூரா தேடுனோம், தனியா ஒரு படம் இல்ல. நான்தான் லேப்ல நின்னு 12க்கு 15 அங்குலம் போட்டு வாங்குனேன், பிரிண்ட் வெளிய வந்தப்ப பாத்தா புருவம் எங்க முடியுது கண்ணு எங்க ஆரம்பிக்குதுனே தெரியல, டச்சிங் பண்றவரு பிரஷ்ல கண்ணு எழுதி குடுத்தாரு. அந்தப் படத்துல இருக்கிறது அப்பாவோட கண்ணு இல்ல மதினி. இல்லாத புள்ளிய எந்த மெஷினும் கொண்டுவர முடியாது

பெரியம்மா: இத்தன வருசமா விளக்கேத்துறேன் எனக்கு தெரியாதே

தீபா: அப்பத்தாவுக்கு தனியா படம் இருக்கா?

கார்த்தி: ஆதார் கார்டுல இருக்கிறதுதான்

கார்த்தி: என் போன்ல தேடிட்டேன், எல்லாமே விசேஷ வீட்டுல கூட்டத்தோட எடுத்தது. ஒண்ணுல கூட பெருசா இல்ல

தீபா: சித்தப்பா ஞாயித்துக்கிழம நான் ஊருக்கு வரேன். எந்த எம்எம்ல வைக்க

சேகர் சித்தப்பா: 55ல வை, உன் பாடில அது 88 எம்எம் போட்ட மாதிரி, முகத்துக்கு தோதா இருக்கும். தூரமா நின்னு ஜூம் பண்ணாத, ரெண்டு மீட்டர் கிட்ட போய் உக்காரு, அதுக்கும் கிட்ட போனா மூக்கு பெருசா தெரியும், அது எம்எம்னால இல்ல நாம நிக்கிற தூரத்தால வர்றது. எஃப்4, ஃபோகஸ் கண்ணு மேல. ஃபிளாஷ் வேணாம்

பெரியம்மா: போஸ் குடுக்க சொன்னா அத்த எந்திரிச்சு போயிருவாக. காலைல பத்து மணிக்கு முன்ன வந்துரு, குளிச்சுட்டு திண்ணைல வெத்தல இடிக்க உக்காருவாக, அப்ப வெளிச்சமும் நல்லா விழும்

தீபா: சரி பெரியம்மா. பேட்டரி ரெண்டும் சார்ஜ்ல போட்டுட்டேன்