ஒரிசாவை நம்பி பீதரில் இறங்கிய கதை

பாளையங்கோட்டையிலிருந்து:

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்பது ஏதாவது ஒரு நாட்டை ஆண்டு நடத்தும் கணினி ஆட்டம். அதன் கதை 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. விஜயநகரமாக உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே ஒரிசாவோடு கூட்டணி வைத்தேன். எதிரி பாமினி என்று சொல்லவே வேண்டியதில்லை. நாமாகத் தொடுக்கும் போருக்குக் கூட்டாளியை அழைக்க 10 நன்றிக்கடன் புள்ளிகள் வேண்டும். அவை சேரும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. நிலம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து இழுத்துவிட்டேன்.

பாமினியின் தலைநகரான பீதரின் முற்றுகை பாதியில் இருக்கும்போது பாமினியின் பெரும்படை என்மேல் பாய்ந்தது. ஒரிசாவின் படை எங்கே என்று பார்த்தால், சொந்த எல்லைக்குள் கிளர்ச்சிக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒருமுறை பக்கத்து மாகாணம்வரை வந்தது. சண்டை மூண்டதும் வந்த வழியே திரும்பி நடந்தது. ஆள்பலம் வற்றி, கடன் வாங்கி, நான் தனியாகத்தான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு ஒரிசா சாவகாசமாக இறங்கி, கோட்டையில்லாத மாகாணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. அதுவும் போரில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்ற பங்களிப்புக் கணக்கில் ஏறுகிறது! சமாதானத்தில் நான் அவர்களுக்கு ஒரு துண்டு நிலமும் கொடுக்கவில்லை. வாக்குத் தவறியது என் பிழைதான். நம்பிக்கைப் புள்ளி சரிந்தது. சில ஆண்டுகளில் நான் பிடித்த மாகாணத்தின்மீதே கண் வைத்துக் கூட்டணியையும் முறித்தார்கள்.

தென்காசியிலிருந்து:

உங்களுக்குப் படையாவது வந்தது, அண்ணாச்சி. நான் பிராண்டன்பர்க், கூட்டாளி ஆஸ்திரியா. பல ஆண்டுகள் நன்றிக்கடன் சேர்த்து அழைக்கப்போனால் வரமாட்டோம் என்று சிவப்புக் குறி. காரணம், அவர்கள் கடனில் இருக்கிறார்களாம். இந்த நன்றிக்கடன் நம் வீட்டு மொய் நோட்டைப் போன்றது என்று நினைத்திருந்தேன். மொய் நோட்டில் எழுதியதைக் கடன் வாங்கியாவது திருப்பிச் செய்வார்கள்.

களக்காட்டிலிருந்து:

நிலம் தருகிறேன் என்ற பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. பூலித்தேவன் மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். திருவிதாங்கூரும் உடன் நின்றது. 1759இல் ஆங்கிலேயர் பக்கத்துத் தளபதி யூசுப் கான் களக்காட்டை விட்டுத்தருவதாகச் சொல்ல, திருவிதாங்கூர் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் அந்தப் பொத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் புகார் வேறு. போர்த்துக்கல்லாக ஆடினால் தொடக்கத்திலேயே இங்கிலாந்து கூட்டாளி. பிரான்ஸ் அதன்மேல் போர் தொடுத்ததும் எனக்கு அழைப்பு வந்தது. மறுத்தால் கூட்டணி போகும், கௌரவமும் குறையும். வேறு வழியின்றிப் போனேன். போரின் தலைவன் இங்கிலாந்து என்பதால் முழுச் சமாதானம் பேசும் உரிமை அதற்கு மட்டுமே. அது தீவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் படையோ லிஸ்பன் வாசலில் நிற்கிறது. தனியாகச் சமாதானம் கேட்டால் பிரான்ஸ் சொல்லும் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

எட்டு ஆண்டுகளாக அந்தப் போர் ஓடுகிறது. நேற்று இரவும் முடியாமல்தான் சேமித்து மூடினேன்.