மறு: ‘சாலிடாரிட்டி’க்கு ‘துணைநிற்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கரீபியன் தீவு நாடான ஹைட்டியின் மக்கள் நடத்தும் ஜனநாயகப் போராட்டம் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ‘இன்டர்நேஷனல் சாலிடாரிட்டி’ (பிறர் போராட்டத்தில் வெளிநாட்டவர் அவர்களோடு சேர்ந்து நிற்பது) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘சாலிடாரிட்டி’க்கு ‘துணைநிற்பு’ என்று போடலாமா எனக் கேட்டிருந்தேன். நேற்று வந்த யோசனைகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> அகராதியில் ‘ஒருமைப்பாடு’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, நம் காதில் அது ‘தேசிய ஒருமைப்பாடு’ என்றுதான் விழும். ‘ஹைட்டி மக்களோடு பன்னாட்டு ஒருமைப்பாடு’ என்றால் ஏதோ நாடுகளின் இணைப்பு என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

> ‘தோழமை’யில் என்ன குறை? எளிமையாக இருக்கிறது.

எனக்கும் பிடித்த சொல்தான் அக்கா. ஆனால் தமிழ்நாட்டில் ‘தோழமைக் கட்சி’ என்றாலே தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வருகிறது. அப்புறம், அது உறவைச் சொல்கிறதே தவிரச் செயலைச் சொல்லவில்லை.

> அப்படியானால் ‘ஆதரவு’ போதுமே.

இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அண்மைக் காலத்தில் ஹைட்டிக்குள் வெளியிலிருந்து நுழைந்த படைகள் ஆதரவு என்ற பெயரில்தான் நுழைந்தன. 1990 டிசம்பர் அதிபர் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றவர் அரிஸ்டைட். பதவியேற்ற ஏழெட்டு மாதத்தில், 1991 செப்டம்பர் 30 அன்று, ராணுவம் அவரைக் கவிழ்த்தது. 1994இல் சுமார் 20,000 அமெரிக்கப் படையினர் இறங்கி அவரைத் திரும்ப அமர்த்தினார்கள். ‘ஜனநாயகத்தை நிலைநிறுத்தல்’ என்பதே அந்த நடவடிக்கையின் பெயர். அதே அரிஸ்டைட் 2004 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க விமானத்தில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குக் கொண்டுபோகப்பட்டார். தன்னைக் கடத்தினார்கள் என்றார் அவர். தானே பதவி விலகினார் என்றது அமெரிக்கா. அடுத்து வந்தது ஐ.நா. அமைதிப்படை. அதிலிருந்த இலங்கைப் படையினர் 100க்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2010 அக்டோபரில், மிர்பலே என்ற ஊரருகே இருந்த ஐ.நா. படைமுகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. இறந்தவர்கள் 10,000 பேரை நெருங்கும். பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு நியூயார்க் நீதிமன்றம்வரை போனார்கள்; ஐ.நா.வுக்குச் சட்ட விலக்கு உண்டு என்று வழக்கு தள்ளுபடியானது. 2016 டிசம்பரில்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்தத் தலையீடுகளுக்கு ஒட்டாததாக இருக்க வேண்டும். எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

எது சாலிடாரிட்டி என்பதற்கு என் மனதில் நிற்பவர் கேத்தரின் டன்ஹாம். கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர். 1991 கவிழ்ப்புக்குப் பின் படகேறித் தப்பி வந்த ஹைட்டியரை அமெரிக்கா கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியது. அதை எதிர்த்து 1992இல், 82 வயதில், 47 நாள் உண்ணாநோன்பு இருந்தார். நாடு கடந்து வாழ்ந்த அரிஸ்டைட் நேரில் வந்து கேட்டுக்கொண்ட பிறகே நோன்பை முடித்தார். போராட்டம் யாருடையதோ அவர் சொல்லுக்கு இவர் கட்டுப்பட்டார். 1994இல் கறுப்பின அமெரிக்க வழக்கறிஞர் ராண்டல் ராபின்சன் 27 நாள் பட்டினி கிடந்ததும் அதே கோரிக்கைக்காக. அதற்குப் பிறகு, விசாரிக்காமலே திருப்பி அனுப்பும் கொள்கையை கிளின்டன் அரசு மாற்றிக்கொண்டது. இவர்களில் யாரும் ஹைட்டியை ஆளப் போகவில்லை. தங்கள் அரசைத்தான் எதிர்த்து நின்றார்கள்.

ஹைட்டிக் கிராமங்களில் ‘கொன்பிட்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வயலில் ஊரே சேர்ந்து வேலை செய்யும். முரசு ஒலிக்கும், பாட்டு கேட்கும், வயல்காரர் வீட்டில் சாப்பாடு. எத்தனை பேர் கூடினாலும் வயல் அவருடையதுதான்.

இதையெல்லாம் யோசித்துத்தான் ‘துணைநிற்பு’ என்றேன். ‘நான் துணைக்கு நிற்கிறேன்’ என்பது வீட்டில் சொல்கிற பேச்சு. யாருக்கும் விளக்க வேண்டாம். துணைநில், துணைநின்றார், துணைநிற்போர் என்று வினையாகவும் பெயராகவும் ஓடுகிறது. துணைநிற்புக் குழு, துணைநிற்பு அறிக்கை, பன்னாட்டுத் துணைநிற்பு எல்லாம் சிக்கலில்லாமல் வருகின்றன.

> ‘துணை’ என்றால் துணைவேந்தர், துணைத்தலைவர் மாதிரி இரண்டாமிடம் ஆகிவிடாதா?

ஆகட்டும் தம்பி, அது நல்லதுதான். முதலிடம் ஹைட்டி மக்களுக்கு. ‘உடன்நிற்பு’ என்ற மாற்றுச் சொல்லிலும் பொருள் கெடவில்லை. ஆனால் இரண்டு மெய் மோதி நாக்கு தடுக்குகிறது. ‘உடனிற்பு’ என்று புணர்த்தினால் சொல்லே மறைந்துவிடுகிறது.

தமிழாக்க வேண்டிய இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் முதலிய நாடுகளின் தூதர்களும் ஐ.நா. பிரதிநிதியும் சேர்ந்த ‘கோர் குரூப்’. 2021 ஜூலை 7இல் ஹைட்டி அதிபர் மோயீஸ் கொல்லப்பட்டார். பத்தே நாளில் ஏரியல் ஆன்றி அரசமைக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது இந்தக் குழு. ஆன்றியே பிரதமரானார். ‘மையக் குழு’ என்று மொழிபெயர்த்தால் ஹைட்டியரே அமைத்த குழு போலத் தோன்றுகிறது. ‘வெளிநாட்டுத் தூதர் குழு’ என்று போட்டுவிடலாமா? மறுப்பிருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், கட்டுரைகள் அச்சுக்குப் போகவேண்டும்.

அன்புடன்