86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ ஆம்ப்பா, ஏ.வி. ரிசீவரா?

கீழ்ஸ்தாயி:

வணக்கம். ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஆம்ப் தேடுகிறேன். ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருப்பது: 6 ஓம், 86 டெசிபெல் (2.83 வோல்ட், 1 மீட்டர்), 25 முதல் 120 வாட் வரை. வூஃபர் (கீழ் ஒலிக்கான கோன்) 5 அங்குலம். அறை 14க்கு 12 அடி, உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து எட்டடி. பாதி நேரம் டிவி, பாதி நேரம் பாட்டு. டர்ன்டேபிள் ஒன்று உண்டு. சப்வூஃபர் பிறகு சேரும்.

பட்டியலில் மூன்று நிற்கின்றன. 2×50 வாட் ஸ்டீரியோ இன்டகிரேட்டட் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்). ‘சேனலுக்கு 150 வாட்’ என்று பெட்டியில் போட்ட 7 சேனல் ஏ.வி. ரிசீவர் (டிவி, சினிமா ஒலிக்கான ஆம்ப்). ‘300 + 300 வாட்’ என்று சொல்லும் கையகல கிளாஸ்-டி (சுவிட்ச் முறையில் இயங்கும்) ஆம்ப், 32 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டருடன். 50 வாட் போதுமா? 120 வாட் ஸ்பீக்கரில் 150 வாட்டைக் கொடுத்தால் வூஃபர் போய்விடுமா?

ஓம் விதி:

வூஃபர் போகாது. ஆம்ப் 150 வாட்டை எப்போதும் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் திருகும் அளவுக்குத்தான் கொடுக்கும். சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்குவதுதான் அதிக ஆபத்து. அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும், சராசரி சக்தி ஏறும், புதிதாக முளைக்கும் உயர் அதிர்வெண்கள் ட்வீட்டரில் (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரில்) போய் இறங்கும். முதலில் கருகுவது அதன் காயில்தான்.

50 போதுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2.83 வோல்ட் 8 ஓமில் சரியாக 1 வாட். உங்கள் 6 ஓமில் அது 1.33 வாட். ஆகவே 86 என்று போட்டிருப்பது உண்மையில் 1 வாட்டுக்குச் சுமார் 85 டெசிபெல். (4 ஓம் ஸ்பீக்கர்களில் இந்தச் சலுகை 3 டெசிபெல் வரை போகும். ஒப்பிடும்போது கவனம்.) எட்டடி, அதாவது 2.4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் 7.7 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 கூடும். ஆக, ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் காதில் விழுவது ஏறக்குறைய 80. வீட்டில் இதுவே நல்ல சத்தம். அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவது இதற்கு மேல் கொஞ்சம் உதவும்.

சிக்கல் உச்சங்களில். சராசரி 78இல் ஓடும் பாட்டில் மிருதங்கத் தட்டோ டிரம் அடியோ 15 முதல் 20 டெசிபெல் மேலே எகிறும். 95 வேண்டுமென்றால் 80க்கு மேல் 15 டெசிபெல், அதாவது 32 வாட். 50 வாட் 97 வரை கொண்டுபோகும். 100 வாட் சரியாக 100. 50க்கும் 150க்கும் இடையிலான வித்தியாசம் 5 டெசிபெல்கூட இல்லை. சத்தம் இரட்டிப்பானதுபோல் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே நேர்மையான 50 வாட் உங்கள் அறைக்குப் போதும்.

நேர்மையான என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அந்த 150க்குக் கீழே பொடி எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரே சேனல் இயக்கத்தில்’ என்று இருக்கும். அதே பெட்டிக்கு ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம், இரண்டு சேனல் இயக்கத்தில்’ என்ற வரியும் கையேட்டில் இருக்கும். அங்கே 80 அளவில் ஒரு எண் நிற்கும். ஒப்பிட வேண்டியது அந்த வரியை. அமெரிக்காவில் 1974லேயே இந்த வாட் வித்தைக்கு விதி போட்டார்கள் என்றால் வியாதி எவ்வளவு பழசு என்று பாருங்கள்.

கிளாஸ்-டி பெட்டிக்குப் பெருக்கல் போதும். 32 × 5 = 160. அடாப்டரே 160 வாட். அதிலிருந்து 600 எங்கிருந்து வரும்? 300 என்பது உள்ளே இருக்கும் சிப்பின் உச்ச வாட்: சுமார் 50 வோல்ட், 4 ஓம், 10 சதவீதச் சிதைவு. 32 வோல்ட்டில் அலையின் உச்சம் 30 வோல்ட்டைத் தாண்டாது. 6 ஓமில் அது சேனலுக்கு 75 வாட். இரண்டு சேனலும் ஒன்றாகக் கேட்டால் அடாப்டர் கையை விரிக்கும் இடமும் அதுதான். மோசமான ஆம்ப் இல்லை, பெயர்ப்பலகைதான் பொய்.

மிட்ரேஞ்ச்:

வாட் கணக்கு முடிஞ்சுது. மூணுமே சத்தத்துக்குப் போதும்னா, தேர்வு பின்பக்க சாக்கெட்லயும் உள்ளே இருக்கிற மென்பொருள்லயும்தான். டிவி, சப்வூஃபர் ரெண்டும் வரும்னா என் ஓட்டு ரிசீவருக்கு.

காரணம் இதுதான். நிறைய ஸ்டீரியோ ஆம்ப்ல ‘சப் அவுட்’ இருக்கும், ஆனா மெயின் ஸ்பீக்கருக்குப் போற பாஸை வெட்டாது. சப்வூஃபர் வந்த பிறகும் உங்க 5 அங்குல வூஃபர் 40 ஹெர்ட்ஸோட மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கும். அதிர்வெண் பாதியானா, அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும். ரிசீவர்ல ஸ்பீக்கரை ‘ஸ்மால்’னு வச்சு 80 ஹெர்ட்ஸ்ல கிராஸ்ஓவர் (பாஸைப் பிரிச்சு சப்வூஃபருக்கு அனுப்புற எல்லை) போட்டா அந்தச் சுமை சப்வூஃபருக்குப் போயிடும். ஆம்புக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். மைக் வச்சு ரிசீவரே செய்யற தானியங்கி அளவீடு பல நேரம் சின்ன ஸ்பீக்கரையும் ‘லார்ஜ்’னு குறிச்சிடும், முடிஞ்சதும் மெனுவுக்குப் போய்க் கையால மாத்துங்க.

அடுத்தது அறை. 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் அலை சுவருக்குச் சுவர் நின்னு வீங்கும். பாஸ் கிட்டார்ல சில சுரம் மட்டும் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். ரிசீவரோட அறைத் திருத்தம் அந்த வீக்கத்தை வெட்டும். ஆனா பள்ளத்தை நிரப்ப முடியாது. அதுக்கு சப்வூஃபரையோ நாற்காலியையோதான் நகர்த்தணும். அளவீட்டு மைக்கை ஸ்டாண்ட்ல, காது உயரத்துல வைங்க. கையில பிடிச்சாலோ சோஃபா முதுகு மேல வச்சாலோ அளவு கெட்டுப்போகும். இன்னொண்ணு: ‘டைரக்ட்’ பட்டன் பல ரிசீவர்ல இந்தத் திருத்தத்தையும் கிராஸ்ஓவரையும் சேர்த்தே அணைச்சிடும். ‘சப்வூஃபர் திடீர்னு ஊமையாயிடுச்சு’ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

6 ஓம்னு பயந்து மெனுவுல இருக்கிற ‘ஓம்’ அமைப்பைக் குறைக்காதீங்க. அது உள்ளே வோல்ட்டேஜைக் குறைச்சு சூட்டைக் கட்டுப்படுத்துது, அவ்வளவுதான். ஒலி மேம்படாது, உச்சத்துல ஆம்ப் சீக்கிரம் வெட்டும்.

சால்டரிங்:

கடைசிப் பத்தியில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடிய ஆலோசனை அல்ல அது. முதலில் ஸ்பீக்கர் டெர்மினலுக்கு மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘6–16 ஓம்’ என்று இருந்தால் இந்த ஸ்பீக்கருக்கு எதையும் மாற்ற வேண்டாம். ‘8–16’ என்று இருந்தால் கையேடு சொல்கிறபடி வையுங்கள், குறிப்பாக ரிசீவர் மூடிய அலமாரிக்குள் போவதாக இருந்தால். 6 ஓம் என்பது பெயரளவு. அளவீட்டுத் தரப்படி அது 80 சதவீதம், அதாவது 4.8 ஓம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போகும் ஸ்பீக்கர்களும் சந்தையில் இருக்கின்றன. மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் காற்றோட்டம் விடுங்கள். ‘ஏ + பி’ என்று இரண்டு ஜோடியை ஒரே ஆம்பில் சேர்த்தால் பல ஆம்ப்களில் அவை பேரலலாக விழும். இரண்டு 6 ஓம் சேர்ந்தால் 3 ஓம். பாதுகாப்பு ரிலே விழுவதற்கு அது போதும்.

கேபிளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் ஓட்டத்துக்குப் போகவர 10 மீட்டர்: சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்பது வழக்கம். உங்களுக்கு அது 0.3. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய கம்பியானால் ஒரு அளவு தடிமன் கூட்டி வாங்குங்கள்.

கீழ்ஸ்தாயி:

நன்றி. ரிசீவர் பக்கம் சாய்கிறேன். இரண்டு சந்தேகம். டர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ/லைன் சுவிட்ச் இருக்கிறது, ரிசீவரிலும் ஃபோனோ சாக்கெட் இருக்கிறது. எதை எங்கே வைப்பது? ஸ்டீரியோ ஆம்பே வாங்கினால் டிவியை ஆப்டிகலில் இணைக்கும்போது சில நிகழ்ச்சிகளுக்குச் சத்தமே வராது என்கிறார்களே, அது ஏன்?

மிட்ரேஞ்ச்:

ஃபோனோ ப்ரீஆம்ப் ஒரே ஒரு இடத்துல மட்டும் வேலை செய்யணும். டர்ன்டேபிள் ‘ஃபோனோ’ல இருந்தா ரிசீவரோட ஃபோனோ சாக்கெட். ‘லைன்’ல இருந்தா சிடி, ஆக்ஸ் மாதிரி சாதாரண சாக்கெட். ரெண்டும் சேர்ந்தா கரகரன்னு கிழியும். ரெண்டும் இல்லைன்னா பாஸே இல்லாம, தகரத்துல தட்டுற மாதிரி மெல்லிசா கேட்கும். எம்.எம். (நகரும் காந்த வகை) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி இருக்கிற முனை, கொடுக்கிறது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான்; அதைத் தூக்கி நிறுத்தி, இசைத்தட்டுல குறைச்சுப் பதிஞ்ச பாஸையும் திருப்பிக் கொடுக்கிறதுதான் ப்ரீஆம்ப் வேலை. எம்.சி.ன்னா (நகரும் காயில் வகை) அதுலயும் பத்துல ஒரு பங்குதான் வரும், சாதாரண ஃபோனோ சாக்கெட் பத்தாது.

டிவி விஷயம் சுலபம். ஸ்டீரியோ ஆம்புக்கு டால்பி டிஜிட்டல்ங்கிற சுருக்கின ஒலி வடிவம் புரியாது. டிவி மெனுவுல டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பி.சி.எம்.’னு (சுருக்காத ஒலி) மாத்திட்டா சத்தம் வந்துடும். ரிசீவருக்கு இந்தக் கவலை இல்லை. எச்.டி.எம்.ஐ. ஆர்க் (டிவி ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற) சாக்கெட்ல போட்டா டிவி ரிமோட்டிலயே வால்யூமும் ஓடும்.

சால்டரிங்:

இணைக்கும்போது ஆம்பின் மின்கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் கம்பியில் 10 மில்லிமீட்டர் மட்டும் தோலுரித்து இறுக்கி முறுக்குங்கள். ஒரு மயிரிழைச் செம்பு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ‘ப்ரொடெக்ட்’ விளக்கு மின்னும். அப்படி மின்னினால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் முதலில் அதைத் தேடுங்கள். ஒருவேளை கிளாஸ்-டி பெட்டியையே வாங்கினால், அதில் கறுப்பு டெர்மினல் எர்த் இல்லை. இரண்டு கறுப்பையும் ஒன்றாகச் சேர்க்கவோ சேசிஸில் தொடவோ கூடாது.

எல்லாம் ஓடி, பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று மட்டும் கேட்டால், உள்ளீட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். டர்ன்டேபிளோடு நின்றால், அதிலிருந்து வரும் மெல்லிய தனிக் கம்பியை ரிசீவரின் ‘ஜி.என்.டி.’ (எர்த்) திருகில் மாட்டவில்லை என்று பொருள். கணினியோடோ டிவியோடோ நின்றால் எர்த் வளையம் (இரண்டு கருவிகளின் எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் ஹம்). ஆப்டிகலுக்கு மாறுங்கள், அல்லது ஆர்.சி.ஏ. கம்பியில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தாலும் ஹம் நிற்கும்; ஆனால் உள்ளே ஒரு பழுது வந்தால் அந்த மின்சாரம் ரிசீவரின் உலோகப் பெட்டியில் காத்திருக்கும்.