மாலை 4 மணிக்கு ஃபோனில் குரல் உடைகிறது: நெட்வொர்க் சுவிட்சில் எந்தக் கியூ (வரிசை) முறை நல்லது?

லிந்துலை ஸ்டோர் தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (ஃபாக்டரியில்) வேலை. சேர்ந்தது கணக்கு எழுத. ஒரு நாள் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்துவிட்டேன், அன்றிலிருந்து நெட்வொர்க்கும் என் தலையில்.

இங்கே 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று. அதில் 14 கேமரா, அவற்றைப் பதியும் பெட்டி, கொழுந்து நிறுக்கும் தராசின் கம்ப்யூட்டர், 4 ஐபி ஃபோன். ரவுட்டருக்கு ஒரு வயர் போகிறது. இணைய அப்லோட் 10 மெகாபிட். கேமராப் பதிவுகள் மாலை 4 மணிக்குக் கொழும்பு ஆபீசுக்கு ஏறத் தொடங்கும். அந்திக் கொழுந்து நிறுத்து முடித்து, பெரிய துரை (தோட்ட மேனேஜர்) கொழும்போடு பேச உட்காருவதும் அந்த நேரம்தான். அவர் பேசுவது அங்கே வெட்டி வெட்டிக் கேட்கிறதாம். அங்கிருந்து வரும் குரலோ இங்கே சுத்தமாக இருக்கிறது. பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) காலையில் 12 மில்லிசெகண்ட், 4 மணிக்கு 700.

சுவிட்சில் 8 கியூ இருக்கிறது. ஃபோன் பாக்கெட்டுகள் (குரலைச் சுமக்கும் தகவல் துண்டுகள்) டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியோடு வருவதைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்தேன். அவற்றை மேல் கியூவில் போட்டு ஸ்ட்ரிக்ட் ப்ரையாரிட்டி (அது காலியாகும் வரை மற்றக் கியூக்கள் காத்திருக்கும்) கொடுத்தேன். மாற்றமே இல்லை. வெயிட்டட் ரவுண்ட் ராபினுக்கு (வெயிட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு கியூவுக்கும் முறை வரும்) மாற்றினேன், அதே கதை. இரண்டில் எது சரி? வெயிட் எவ்வளவு வைக்கவேண்டும்? "இதுக்குப் பழைய டெலிபோனே தேவலை" என்று துரை நேற்றுச் சொல்லிவிட்டார்.

கொட்டகலை குளிர்:

அப்லோட் பேக்கேஜைக் கூட்டச் சொல்லுங்க. வேலை முடிந்தது.

லிந்துலை ஸ்டோர் தம்பி:

அண்ணா, பிரிண்டருக்கு மை கேட்டே மூன்று வாரம் ஆகிறது.

ஹட்டன் பழைய டெக்னீஷியன்:

தம்பி, கூட்டினாலும் கேமராப் பெட்டி அதையும் குடித்துவிடும். பதிவுகளை அனுப்பும் டிசிபி முறை அப்படித்தான், இடம் இருக்கும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

நீ இரண்டு முறையையும் மாற்றிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், முறையில் பிழை இல்லை. வரிசை உன் சுவிட்சில் நிற்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பார். சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வயர் 1 கிகாபிட். 1500 பைட் பாக்கெட் ஒன்று அதில் இறங்க 12 மைக்ரோசெகண்ட். 700 மில்லிசெகண்ட் தாமதம் அங்கே உண்டாக வேண்டுமானால் 87 மெகாபைட்டுக்கு மேல் வரிசை நிற்கவேண்டும். உன் சுவிட்சின் விவரத்தாளில் பஃபர் (பாக்கெட்டுகள் காத்து நிற்கும் நினைவகம்) எவ்வளவு என்று பார். இந்த ரகத்தில் 1, 2 மெகாபைட் இருந்தால் பெரிது. 1.5 மெகாபைட் முழுவதும் நிரம்பினாலும் 12 மில்லிசெகண்டில் காலி.

இனி 10 மெகாபிட்டுக்குப் போடு. அதே பாக்கெட்டுக்கு 1.2 மில்லிசெகண்ட். 700 மில்லிசெகண்டுக்கு 875 கிலோபைட் போதும். அவ்வளவும் இணையக் கம்பனி கொடுத்த பெட்டிக்குள் தேங்கி நிற்கிறது. அந்தப் பெட்டிக்கு உன் 46 தெரியாது. வந்த வரிசைப்படி தள்ளும், நிரம்பினால் குரலையும் சேர்த்துக் கீழே போடும். போகும் குரல் மட்டும் உடைவதற்கும் அதுதான் காரணம். வரும் பக்கத்தில் நெரிசல் இல்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஆம்புலன்சை முதலில் விட்டு என்ன பயன்? கொழும்புப் பாதையில் கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து ஒற்றை வழியாகக் கிடந்தால் அதுவும் லொறிக்குப் பின்னால்தான்.

ஆகவே வரிசையை உன் கைக்குள் இழுத்து வா. உங்கள் ரவுட்டரில் அப்லோடை 9 மெகாபிட்டுக்கு ஷேப் செய், அதாவது அதற்கு மேல் போகாமல் கட்டுப்படுத்து. கம்பனிப் பெட்டிக்கு அது தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போகும், அங்கே தேங்காது. தேங்குவது உன் ரவுட்டரில். அங்கே குரலுக்கு முதலிடம் கொடு, இப்போது அது வேலை செய்யும். 4 ஃபோனும் ஒரே நேரத்தில் பேசினாலும், குரலை ஜி.711 என்ற முறையில் அனுப்பினால் ஒன்றுக்குச் சுமார் 87 கிலோபிட், மொத்தம் 350ஐத் தாண்டாது. மற்றவர் பட்டினி கிடக்கமாட்டார்கள். ஆனால் "முக்கியம்" என்று யாராவது சொன்னார்கள் என்று கேமராவையும் அந்தக் கியூவில் ஏற்றிவிடாதே. நான் ஒருமுறை ஏற்றினேன். அன்று ஆபீசில் ஒரு மின்னஞ்சல்கூட வெளியே போகவில்லை.

மஸ்கெலியா மழை:

அண்ணன் சொன்னது சரி. இரண்டு சேர்க்கை. ரவுட்டரில் எஃப்க்யூ-கோடெல் என்ற கியூ முறை இருந்தால் அதையே போடுங்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வைத்துப் பைட் கணக்கில் முறை கொடுக்கும், பழையது தேங்கினால் தானே எறியும். சில சுவிட்சுகளின் ரவுண்ட் ராபின் பாக்கெட்டை எண்ணும். அப்போது 200 பைட் குரலும் ஒரு முறை, 1500 பைட் கேமராவும் ஒரு முறை. அது எந்த ஊர் நியாயம்?

மற்றது, சுவிட்சில் ஃப்ளோ கன்ட்ரோல் (நிரம்பும்போது அனுப்புபவரை நிறுத்தச் சொல்லும் வசதி) ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அணையுங்கள். சாதாரண பாஸ் ஃப்ரேம் ("கொஞ்சம் நிறுத்து" என்ற செய்தி) வந்தால் போர்ட் முழுவதும் நிற்கும், குரலும் உள்ளேயே நிற்கும்.

லிந்துலை ஸ்டோர் தம்பி:

அண்ணன்மாரே, நேற்று 3 மணிக்கே உட்கார்ந்து செய்தேன். ரவுட்டரில் எஃப்க்யூ-கோடெல் இருந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. 9 மெகாபிட். 4.20க்குக் கேமரா முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது பிங் 19. துரை 25 நிமிடம் பேசினார், ஒரு தடவைகூட "ஹலோ, ஹலோ" கேட்கவில்லை. கேமரா ஏற்றம் முடிய வழக்கத்தைவிடச் சில நிமிடம் கூடியது. யாரும் கவனிக்கவில்லை. சுவிட்சில் ஃப்ளோ கன்ட்ரோலும் ஓடித்தான் இருந்தது, அணைத்துவிட்டேன்.

இனி கீழ் டிவிசன் தராசு. பள்ளத்தாக்குக்கு மேலாக ரேடியோ லிங்க். சுவிட்ச் போர்ட் அங்கேயும் கிகாபிட் என்றே காட்டுகிறது, உண்மையில் வெயில் நாளில் 60 மெகாபிட், நடுவில் நிற்கும் டர்பன்டைன் மரங்கள் நனைந்தால் 20. அதையும் ஷேப் செய்வதென்றால் எந்த எண்ணுக்கு?

ஹட்டன் பழைய டெக்னீஷியன்:

18. தராசுக்கும் இரண்டு கேமராவுக்கும் அது தாராளம். அப்புறம், அந்த மரத்தின் கிளையை வெட்டித் தரச் சொல்லி துரையிடம் இன்றைக்கே கேள், நல்ல மனநிலையில் இருப்பார்.